சுருள் பூச்சிக்கு ஒரு நன்றி

எனக்குக் கோபம் வந்தால் ஆள் போய்ச் சேருவதற்கு முன்பே வாய் போய்ச் சேர்ந்துவிடும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வயதுக்கு மேல் இதைத் திருத்திக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. போன தை மாதம் இந்த வாயால் என் அண்ணனை ஒரு சொல் சொன்னேன். அது எப்படி ஒரு பூச்சியில் போய் முடிந்தது என்பதை எழுதிவைத்தால் அடுத்த முறை வாயைத் திறக்கும் முன் ஒரு தடவை யோசிப்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். நடக்காது. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவிடம் இரண்டு வகை மண் இருந்தது. மரக்காணத்து உப்பளங்கள் முடிகிற மேற்கு ஓரத்தில் சில உப்புப் பாத்திகள். அதை ஒட்டி, கொஞ்சம் மேடாக, அரைக் காணி நல்ல நிலம். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் கரை. அப்பா கண்ணை மூடுவதற்கு முன் பாத்திகளை அண்ணனுக்கும் நிலத்தை எனக்கும் கொடுத்தார். கரைக்குக் கிழக்கே நின்றால் கண் கூசும் வெள்ளை, மேற்கே திரும்பினால் பச்சை. சுற்றிலும் மற்றதெல்லாம் உப்பளமும் சவுக்குத் தோப்பும்தான். அந்த ஓரத்தில் பயிர் வைக்கிற ஒரே ஆள் நான்.

அப்பா போன அடுத்த வருஷம் அண்ணன் என்னிடம் ஒருமுறை கேட்டான். "ஏம்மா, அந்த அரைக் காணிய எனக்குக் குடுத்துடேன். பாத்தி போட்டுக்கறேன். ஊருக்குள்ள இருக்குதே என் மனை, அத நீ எடுத்துக்க." நான் முடியாது என்றேன். அவன் சரி என்று போய்விட்டான். இரண்டாவது முறை கேட்கவில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதானே, அது என் மனசின் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

முதல் வருஷம் தர்பூசணி வைத்தேன், ஏதோ வந்தது. இரண்டாவது வருஷம், கார்த்திகை மழை விட்டதும், மல்லாட்டை போட்டேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்கு அது முதல் மல்லாட்டை. பொங்கலுக்கெல்லாம் பூ எடுத்து, கரையில் நின்று பார்த்தால் மனசு நிறைகிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, "பரவால்லியே, உனக்குக்கூட பயிர் வருது" என்றார். அந்த "உனக்குக்கூட" என்ற வார்த்தைக்கு அன்றைக்கு ராத்திரி அவர் ரசத்தில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

உப்பளத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் நாக்கில் வைத்துத்தான் பார்ப்போம். பாத்தித் தண்ணீரில் உப்பு எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடியில் அளவுகோல் எல்லாம் வந்துவிட்டது. அண்ணனிடமும் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவன் தலையை ஆட்டுவான். புதிதாக போர் போட்டால் தண்ணீரை நாக்கில் வைப்போம். வீட்டு மனை வாங்கினால் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைப்போம். வாசலில் முருங்கை வாடினால் அதன் இலையையும் விடுவதில்லை. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு நாக்கு சொன்னால் அதற்கு மேல் சாட்சி கிடையாது.

பொங்கல் கழிந்ததும் உப்பளத்தில் வேலை ஆரம்பித்துவிடும். மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, பாத்தியின் அடிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். அப்புறம் மோட்டார் போட்டு உப்புத் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். மிதிக்கிற வேலைக்கு வருஷா வருஷம் நானும் போவேன். அண்ணியும் நானும் பேசிக்கொண்டே மிதிப்போம். வேலை நடப்பது தெரியாது. அண்ணன் மட்டும், "வாய் மிதிக்கிற அளவுக்குக் கால் மிதிக்கலியே" என்று தூரத்திலிருந்து குரல் கொடுப்பான்.

அன்றைக்கும் அப்படித்தான். விடியற்காலை ஆரம்பித்து பத்து மணிவரை மிதித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரை மேல் ஏறினேன். பயிரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கரையை ஒட்டி நாலைந்து வரிசை கருகியிருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூட்டோடு வைத்து எடுத்த துணி மாதிரி, இலையெல்லாம் பழுப்பேறி, ஓரம் மடங்கி, சுருண்டு கிடந்தது. உள்ளே போகப் போகப் பச்சை. அண்ணன் புதிதாகத் தண்ணீர் பாய்ச்சிய பாத்தி கரைக்கு அந்தப் பக்கம். என் பயிர் கருகியது கரைக்கு இந்தப் பக்கம்.

ஒரு இலையைப் பறித்து, விரலால் துடைத்து, வாயில் போட்டேன். உப்பு. கொஞ்சம் மண்ணைக் கிள்ளி வைத்தேன். உப்பு. "அண்ணி" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் சேற்றுக் காலோடு ஓடிவந்தாள். அவளும் ஒரு இலையைப் பறித்து வாயில் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமல், "கரிக்குதும்மா" என்றாள்.

நிலத்தில் உப்பு ஏறுவது என்றால் என்ன என்று எங்கள் பக்கம் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நோய் வந்தால் ஒரு போகம் போகும், அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். உப்பு ஏறினால் நிலமே போய்விடும். இரண்டு தோப்பு தள்ளி ஒருவர் நிலம் அப்படிப் போய், எத்தனை மழை பெய்தும் திரும்பவில்லை. கடைசியில் அதை என்ன செய்வது? பாத்தி போட வேண்டியதுதான். வேறு எதற்கும் உதவாது.

பாத்தி என்று நினைத்ததும் மனசின் மூலையில் உட்கார்ந்திருந்தது எழுந்து நின்றது.

அண்ணன் வந்தான். என்ன ஏது என்று கேட்காமலே குனிந்து ஒரு இலையை எடுத்து நாக்கில் வைத்தான். துப்பினான். இன்னொன்று எடுத்தான். மண்ணை எடுத்தான். மூன்றாவது தடவை எடுத்ததை நாக்கில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்த்தும் என் வாய் நிற்கவில்லை.

"இன்னாண்ணா?" என்றேன்.

"உப்புதான்" என்றான்.

"உப்புதான்னு நீயே சொல்ற."

"கரைல எங்கயும் கசிவு இல்லியேம்மா. நேத்துகூட பார்த்தனே."

"எப்டி இருக்கும்? நிலத்தக் கேட்ட, நான் குடுக்கல. இப்ப உப்ப வுட்டு எடுத்துக்கலாம்னு பாத்தியா?"

சொல்லிவிட்டேன். அண்ணி, "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை கூடப் பேசியிருப்பேன். அவன் நேராக மோட்டார் கொட்டகைக்குப் போய் மோட்டாரை நிறுத்தினான். மண்வெட்டியை எடுத்து வந்து பாத்தியின் மடையை வெட்டிவிட்டான். ஒரு வாரமாக மிதித்து இறுக்கித் தண்ணீர் கட்டிய பாத்தி, கண் முன்னால் வடிந்தது.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வரும்போது பாதிக்கப்பட்ட செடிகளில் ஒரு கைப்பிடி பிடுங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு எடுத்து வந்தேன். விவசாய ஆபீசில் காட்டலாம் என்று எண்ணம். அடுக்களையில் ஆணியில் மாட்டினேன். அங்கேயே தொங்கியது. ஒவ்வொரு நாளும் காலையில் கிளம்ப வேண்டும் என்று நினைப்பேன். சாயங்காலம் வரைக்கும் வேறு வேலை வந்துவிடும். உண்மையைச் சொன்னால் பயம். ஆபீசில் ஒருத்தர் பார்த்து, "ஆமாம்மா, உப்புதான்" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. சொல்லாத வரைக்கும் ஏதோ ஒரு இழை மிச்சம் இருக்கிறது என்று கவரைப் பார்த்துக்கொண்டே சமைத்தேன். ஊரில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் அந்த நிலம் போச்சு என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள்.

கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். எதற்காக என்று கேட்டால் எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாது. நிலம் பிழைக்க வேண்டும் என்றால், அண்ணன் மேல் போட்ட பழி பொய்யாக வேண்டும். பழி உண்மையாக இருந்தால் நிலமும் போச்சு, அண்ணனும் போனான். இரண்டும் ஒரே முடிச்சில் இருந்தது.

நாலாம் நாள் அண்ணி வந்தாள். கையில் தூக்குச் சட்டி. எக்கியார்குப்பத்தில் படகு வந்ததும் வாங்கிய கிழங்கான் மீன், குழம்பு வைத்து எடுத்து வந்திருந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூக்கை வாங்கினேன். கோபம் கோபம், கிழங்கான் கிழங்கான்.

"மோட்டாரே போடலம்மா அவரு" என்றாள். "கரையோரமா பள்ளம் தோண்டினு இருக்கறாரு, உன் பக்கம் தண்ணி வராம இருக்க. காலைல போனா இருட்டினாதான் வர்றாரு. சரியா துன்றதில்ல. கசிவு எங்கனு தேடித் தேடி ஒன்னும் கெடைக்கல."

"கெடைக்கலன்னா உப்பு எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"அதத்தான் அவரும் கேட்டுனு இருக்கறாரு" என்றாள் அண்ணி. போகும்போது வாசலில் நின்று, "நீ அப்டி சொல்லியிருக்க வேணாம்மா" என்றாள். தூக்கைக் கழுவிக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு அழுதேன். நிலத்துக்காகத்தான் அழுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ காலையில், பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்பியபோது கவருக்குள் ஏதோ அசைவதைப் பார்த்தேன். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே குட்டிக் குட்டியாகப் பூச்சிகள். அரிசி நொய் அளவுதான். சாம்பல் நிறம், இறக்கையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு வெள்ளைப் பொட்டு. கவரின் ஓரத்தில் ஏறுவதும் விழுவதுமாக இருந்தன. அரிசி டப்பாவிலிருந்து வந்ததாக்கும் என்று முதலில் டப்பாவைத்தான் திட்டினேன். அப்புறம்தான் முடிச்சு போட்ட கவருக்குள் அரிசிப் பூச்சி எப்படிப் போகும் என்று தோன்றியது.

கவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவிழ்த்தேன். நாலைந்து பறந்துபோயின. உள்ளே செடி காய்ந்து கிடந்தது. சுருண்ட இலை ஒன்றைப் பிரித்தேன். இரண்டு இலை ஒன்றோடு ஒன்று மெல்லிய நூலால் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு காலிக் கூடு. இன்னொன்றைப் பிரித்தேன். அதிலும் கூடு. செருப்பு போட மறந்து நிலத்துக்கு ஓடினேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. எவ்வளவு நேரத்தில் போனேன் என்று தெரியாது.

பத்து நாளில் கருகல் இன்னும் சில வரிசை உள்ளே போயிருந்தது. கருகாத இலை ஒன்றில் சின்னதாக ஒரு பழுப்புக் கொப்பளம். பறித்து, போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில், நூல் கனத்தில், கருந்தலையோடு ஒரு புழு நெளிந்தது. இலைக்கு உள்ளேயே வீடு கட்டிக்கொண்டு பச்சையைத் தின்றுகொண்டிருந்தது. இலைக்கு அவ்வளவு கனம் உண்டு, அதற்குள் ஒரு உயிர் குடியிருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அடுத்த இலையிலும் புழு. அதற்கடுத்ததிலும். கண்ணில் தண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் புழு இல்லாத இலையாகப் பார்த்து வாயில் போட்டு மென்றேன். பச்சை வாசனை. கொஞ்சம் துவர்ப்பு. உப்பு இல்லை. கரையோரத்து மண்ணைக் கிள்ளி வைத்தேன். மண் மண்ணாகத்தான் இருந்தது.

அன்றைக்கு எப்படி கரித்தது? கரையில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அன்றைக்கு விடியற்காலையிலிருந்து உப்புச் சேற்றில் அளைந்த கை. இலையைத் துடைத்தது அந்த விரல். மண்ணைக் கிள்ளியது அந்த விரல். அண்ணியின் கையும் அதே சேறு, அண்ணன் கையும் அதே சேறு. உதட்டில்கூட உப்புதான் காய்ந்திருக்கும். உப்புக் கையால் எடுத்து, உப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று தீர்ப்பும் சொன்ன மூன்று புத்திசாலிகள். இந்தத் தப்பைச் செய்ய உப்பளத்தில் பிறந்திருக்க வேண்டும்.

ஆனாலும் படித்தவர் ஒருத்தர் வாயால் கேட்டால்தான் நிம்மதி. இலைகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மரக்காணம் போனேன். விவசாய ஆபீஸ் பூட்டியிருந்தது. எதிரில் உரக்கடை. கடைக்காரர் இலையை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"மல்லாட்டையா? சுருள் பூச்சிம்மா."

"பூச்சியா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பூச்சிதானே? உப்பு இல்லியே?"

"உப்புல எங்கனாம்மா புழு வரும்?"

அந்த ஆள் என் வயிற்றில் பாலை வார்த்தார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை. கடையில் யூரியா வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பூச்சி வுழுந்துடுச்சின்னா எல்லாரும் தலைல கை வெப்பாங்க. நீங்க இன்னாம்மா இந்தச் சிரிப்பு சிரிக்கிறீங்க?"

அவரிடம் என்ன சொல்வது? என் நிலம் உயிரோடு இருக்கிறது, என் அண்ணன் திருடன் இல்லை என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்ல முடியுமா? "சந்தோஷம்ங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விளக்கினார். அந்தக் குட்டிப் பூச்சி இலையில் முட்டை வைக்கும். புழு பொரிந்ததும் இலைக்குள் துளைத்துப் போய்ப் பச்சையைச் சுரண்டித் தின்னும். கொஞ்சம் பெரிதானதும் வெளியே வந்து, இலையை மடித்து ஒட்டி, அதற்குள் இருந்துகொண்டு தின்னும். மழை விட்டு வெயில் காய்ந்தால் பெருகும்.

"எந்த ஓரத்துல ஜாஸ்தியா இருக்குது?" என்று கேட்டார்.

"ஒரே ஓரத்துலதான். எங்க அண்ணனோட உப்பளம் பக்கம்."

"அங்க லைட் எதுனா எரியுதா?"

எரிந்தது. பொங்கலுக்கு முன்பே அண்ணன் மோட்டார் கொட்டகையில், சரியாக என் கரை ஓரத்தில், புதிதாக ஒரு எல்இடி விளக்கு போட்டிருந்தான். பொழுது சாய்ந்தால் அரை மைலுக்குத் தெரியும் வெள்ளை வெளிச்சம். அதைச் சொன்னதும் கடைக்காரர் தலையை ஆட்டினார். "வெளிச்சம் பாத்தா அது வுடாதும்மா. அங்கனு வந்து அங்கியே முட்டை வெச்சிருக்கும். அந்த லைட்டையே தாழ எறக்கி, அடியில சோறு கொட்டுற அன்னக்கூடை ஒன்னுல தண்ணி ஊத்தி, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் வுட்டு வைங்க. வந்து வுழும்." வேப்பெண்ணெயும் ஒரு மருந்தும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வழியில் தெரிந்த ஒவ்வொரு உப்புக் குவியலும் அன்றைக்கு அழகாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் சிரிப்பு போய்விட்டது. பூச்சி என்று தெரிந்தது நல்லதுதான். ஆனால் அந்தச் சொல்லை நான் சொன்னது சொன்னதுதானே. பூச்சியால் அதைத் தின்ன முடியுமா?

அண்ணன் கரையோரப் பள்ளத்துக்குள் நின்றிருந்தான். இடுப்பளவு ஆழம், கரை நீளத்துக்கும். ஒரு ஆள் மண்வெட்டியால் பத்து நாளில் அவ்வளவு தோண்ட முடியும் என்று கண்ணால் பார்க்காவிட்டால் நம்பமாட்டேன். அவன் பாத்திகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. மற்ற எல்லாருடைய உப்பளத்திலும் தண்ணீர் பளபளத்தது.

"பூச்சிண்ணா" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உப்பு இல்லண்ணா. பூச்சி. சுருள் பூச்சியாம். இலைக்குள்ள பூந்துனு துன்னுது. உன் கொட்டகை லைட்டுக்குத்தான் வருதாம், அத தாழ எறக்கணுமாம், உரக்கடைக்காரரு சொன்னாரு."

போன் டார்ச்சைப் போட்டு இலையைக் காட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். புழு நெளிந்தது. அவன் மேலே ஏறி, குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து, இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவினான். வாயைக் கொப்பளித்தான். அப்புறம் இலையை வாங்கி மென்றான். நான் எதுவுமே சொல்லாமல் அவனுக்கே கை விஷயம் புரிந்துவிட்டது. மென்றுகொண்டே, அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உப்பு இல்ல" என்றான். இலையை விழுங்கிவிட்டு மறுபடியும் சொன்னான். "உப்பே இல்லம்மா."

"நான் அன்னிக்கு சொன்னது தப்புண்ணா. மன்னிச்சிடு."

அவன் எழுந்து, "அந்த லைட்ட எறக்கணும்னு சொன்னாரா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. மன்னிக்கவில்லை, இனிமேல் இப்படித்தான், வேலையைப் பற்றி மட்டும் பேசுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து விளக்கைத் தாழ இறக்கிக் கட்டினோம். அண்ணி வீட்டிலிருந்து அன்னக்கூடை கொடுத்தனுப்பியிருந்தாள். பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டதும், பத்து நிமிஷத்துக்கெல்லாம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. வெளிச்சத்தைச் சுற்றி ஆடிவிட்டு, சத்தமே இல்லாமல் தண்ணீரில் விழுந்தன. மாவு தூவிய மாதிரி ஆகிவிட்டது. அத்தனை பெரிய பயத்தைக் கொடுத்தது இத்தனை சின்னதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச மகசூல் போகும். போகட்டும். அடுத்த கார்த்திகைக்கும் அந்த மண்ணில் விதைக்கலாம், அது போதும்.

அண்ணன் கரையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அன்னக்கூடையைப் பார்த்துக்கொண்டே, "ஒன்னு சொல்றேன், கோச்சிக்கமாட்டியே?" என்றான்.

"சொல்லு."

"அன்னிக்கு உப்புன்னு நாக்குல பட்டப்போ, நிலம் போச்சேன்னு பதறிப்போயிட்டேன். நெஜமாத்தான். ஆனா அதுக்கு முன்னாடி, ஒரே ஒரு நொடி..." அவன் நிறுத்தினான். "இனிமே இது பாத்திக்குத்தான் ஆவும், நம்ம கைக்கு வந்துடும்னு தோணிடுச்சிம்மா. அது தோணி முடிக்கல, நீ அந்தக் கேள்விய கேட்டுட்ட. என்னால இல்லன்னு சொல்ல முடியல. பத்து நாளா தோண்டினே இருக்கறேன், அது போவ மாட்டேங்குது."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் வாயை எனக்குத் தெரியும், நானே காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, உரக்கடையில் பூச்சி என்று கேட்டபோதுகூட முழுசாக இறங்காத பாரம் ஒன்று, அப்போது இறங்கியது. சொல்லக்கூடாததைச் சொன்னவள் நான், நினைக்கக்கூடாததை நினைத்தவன் அவன். இத்தனை நாளும் நான் மட்டும்தான் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். அவனும் அப்படியே தனியாக, ஒரு பள்ளத்துக்குள் நின்றிருக்கிறான்.

அவன் முதுகில் ஒன்று வைத்தேன், கொஞ்சம் பலமாகவே.

"நெனச்சதுக்கெல்லாம் நிலத்துல உப்பு ஏறிடாதுண்ணா" என்றேன்.

அவன் சிரிக்க முயன்றான், முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். நான் அந்தப் பக்கம் திரும்பாமல், அவன் துடைத்து முடிக்கும் வரைக்கும் பயிரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.